காணாமல் போன மூன்று அலகு

ஒரு டீ ஆறுவதற்குள் மனிதர் எவ்வளவு பெரிய தப்பைச் செய்துவிட முடியும் என்பதற்கு ஹபீப் முகமதுவைத்தான் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். கணக்கில் புலி. இருபது வருடமாக ஒரு ரகசியத்தையும் வெளியே விடாதவர். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், தேரிக்காட்டு விண்வெளித் தரைநிலையத்தின் கேன்டீனில், வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெய் போகக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டே வாயை விட்டுவிட்டார்.

"தங்கச்சி, இந்தப் பருவத்துக்கும் நல்லா பெரிய திரையா இழுத்து விட்டுட்டிய போல. அஞ்சுல ஒரு பங்கக் காணோமே."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். காயல்பட்டினத்து வழக்கில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நிலையம் முழுக்க அவருக்கு அதுதான் பெயர்.

"காக்கா, எங்கிட்ட இதெல்லாம் சொல்லலாமா?" என்றாள் பிரம்மசக்தி, சிரித்த முகத்தோடு.

"மறந்துருங்க. நான் ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் கேக்கல."

அவளும் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்தாள். ஆனால் பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் கேட்டால் கோட்டி பிடித்தவர்கள் என்றுதான் நினைப்பான். விண்மீனின் தூரத்தை அளப்பவனுக்கு இவ்வளவுதான் வரும் என்று மனதில் ஓர் எண்ணம் இருந்தால், கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் சாயும். அதைத் தடுக்க, அளவைத் தொடங்கும் முன்பே எல்லா விண்மீன்களின் இடத்தையும் ஒரு ரகசிய எண்ணால் கூட்டியோ குறைத்தோ கலைத்துவிடுவார்கள். அதற்குத் திரை எண் என்று பெயர். ஆறு மாதத்துக்கு ஒரு பருவம், பருவத்துக்கு ஓர் எண். இயந்திரம் குலுக்கிப் போடும். பார்ப்பது ஒரே ஓர் ஆள், பிறகு கணினியில் பூட்டி வைத்துவிடுவார்கள். எண் தெரிந்தவர் விடையைப் பார்க்கக் கூடாது. விடையைப் பார்ப்பவர் எண்ணைத் தெரிந்துகொள்ளக் கூடாது. எல்லா அளவும் முடிந்த பிறகு, ஊரறியத் திரையை விலக்கி உண்மைத் தூரத்தைச் சொல்வார்கள்.

ஹபீப் விடையைப் பார்ப்பவர். பிரம்மசக்தி எண்ணைக் காப்பவள்.

அவள் பஜ்ஜியைத் தட்டில் வைத்ததற்குக் காரணம் இதுதான். இந்த முறை குலுக்கலில் விழுந்தது பூஜ்யம். பூஜ்யமும் ஓர் எண்தானே, விழுந்ததை மாற்றக் கூடாது என்பது விதி. அதற்கு முந்தைய பருவத்திலும் மிகச் சின்ன எண்தான். எட்டு மாதமாக அங்கே திரை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமே தொங்கவில்லை. பிறகு அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே போயிற்று?

*

நிலையத்தின் விருந்தினர் விடுதியில் மெட்டில்டா தங்கியிருந்தாள். கேப்டன் ஜெரோம் பல்டானோவின் மனைவி, உவரிக்காரி. 'மறுகண்' என்ற விண்கப்பலில் இரண்டே பேர். ஒருவர் கேப்டன். இன்னொருவன் பிரம்மசக்தியின் கணவன் சுயம்புலிங்கம்.

பூமியில் ஒரு கண், அங்கே மறு கண். ஒரே நேரத்தில் இரண்டும் ஒரே விண்மீனைப் படமெடுத்தால் அது இரண்டு படத்திலும் கொஞ்சம் இடம் மாறித் தெரியும். கண்கள் எவ்வளவு விலகியிருக்கின்றனவோ அவ்வளவுக்கு விண்மீன் நகரும், அவ்வளவுக்கு அதன் தூரமும் துல்லியமாகத் தெரியும். அதற்காகத்தான் இருவரும் சனியைத் தாண்டிப் போனார்கள். எட்டு மாதத்துக்கு முன் கப்பலின் எஞ்சின் பாதி எரிந்து வெடித்தது. காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரமும் அதோடு சேர்ந்து பழுதானது. கப்பல் எந்த வேகத்தில் தள்ளப்பட்டது என்று கப்பலில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. சனிக்கருகே இருக்கும் நடுநிலையம் எதிரொலி வைத்து அளந்து சொன்ன தூரத்தைத்தான் எல்லோரும் நம்பினார்கள். கப்பலுக்குப் போகிற, வருகிற செய்தியெல்லாம் அந்த நிலையத்தின் வழியாகத்தான்.

பூமிக்கும் சூரியனுக்கும் இடையில் உள்ள தூரம் ஓர் அலகு. நடுநிலையத்திலிருந்து மூன்று அலகுக்குள் இருந்தால் மீட்புப் படகு போயே தீர வேண்டும், அது சட்டம். மறுகண் இருந்தது நாலரை அலகில். ஆகவே படகு போகவில்லை. காற்று இன்னும் மூன்று மாதத்துக்கு வரும் என்றார்கள். குடும்பத்தார் வந்து தங்கித் தினமும் பேசிக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். அரசாங்கத்துக்கு அதற்கு மேல் என்ன இரக்கம் தெரியும்.

"ஏ சக்தி, நாலரைன்னு அடிச்சுச் சொல்லுதாவளே, எதை வச்சு?" என்று மெட்டில்டா அன்றும் கேட்டாள். இந்தக் கேள்வியை அவள் வாரத்துக்கு இரண்டு முறை கேட்பாள். பதில் ஒருநாள் மாறிவிடும் என்ற ஆசைதான்.

"நடுநிலையத்துல இருந்து ரேடியோவுல ஒரு சத்தம் அனுப்புவாவ அக்கா. கப்பல் அதத் திருப்பி அனுப்பும். போயிட்டு வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்தா தூரம் தெரிஞ்சிரும்."

"வேற வழியில பாக்க முடியாதா? எங்க ஆளுவ கடலுக்குள்ள நின்னு கோயில் கோபுரத்தப் பாத்தே கரை எவ்ளோ தூரம்னு சொல்லுவாவளே."

பிரம்மசக்திக்குத் தெரியும். வேறு வழி உண்டு. பக்கத்து விண்மீனின் தூரம் நூறாண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டு கண்களின் இடைவெளியை வைத்து விண்மீனை அளக்கலாம் என்றால், அந்த விண்மீனை வைத்து இடைவெளியையும் அளக்கலாம். விண்மீன் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக நகர்ந்திருக்கிறது என்றால், கண்களின் இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பூமியிலிருந்து பதினான்கு அலகு என்று சொன்ன கப்பல் பதினொன்றில்தான் இருக்கிறது. மூன்று அலகைக் காணோம். நடுநிலையத்திலிருந்து பார்த்தால் நாலரை இல்லை, ஒன்றரை.

படகு போகும் தூரம். இரண்டே மாதத்தில் போய்ச் சேரும் தூரம்.

மெட்டில்டாவின் கையைப் பிடித்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று பிரம்மசக்திக்குத் தோன்றியது. சொல்லவில்லை. தப்பாக இருந்தால்? அதைவிடவும், சரியாக இருந்தால் பொய் சொன்னது யார்?

*

மறுநாள் ஹபீபின் அறைக்குப் போய், பொதுவாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"காக்கா, எதிரொலியில பொய் சொல்ல முடியுமா?"

ஹபீப் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "எதுக்குக் கேக்குறிய?"

"சும்மாதான்."

"முடியும். சத்தம் வந்த ஒடனே திருப்பி அனுப்பாம, கொஞ்சம் பிடிச்சு வச்சு அனுப்புனா, தூரத்துல இருக்க மாதிரி தெரியும். ஆனா கிட்டத்துல இருக்க மாதிரி காட்ட முடியாது. கேக்குறதுக்கு முந்தியே பதில் சொல்ல எவனால முடியும்? தள்ளிப் போகத்தான் பொய் சொல்லலாம், நெருங்கி வரப் பொய் சொல்ல முடியாது."

அவர் விஞ்ஞானத்தைத்தான் சொன்னார். பிரம்மசக்திக்கு அது தன் வீட்டைப் பற்றிச் சொன்னது போல இருந்தது.

ஏனென்றால் கப்பலில் எதிரொலிப் பெட்டி சுயம்புவின் பொறுப்பில் இருந்தது. படங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவன்தான். அவள் அனுப்பும் பூமிப் படத்தைத் தன் படத்தோடு வைத்துப் பார்க்கிற முதல் ஆள். ஹபீபின் கண்ணில் பட்டது அவன் கண்ணில் படாமல் இருக்குமா? எட்டு மாதமாகத் தினம் பார்த்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருக்கிறான் என்றால்?

அவனுக்குத் திரும்பி வர இஷ்டமில்லை.

இந்த எண்ணம் ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. சொல்லாமல் செய்வது சுயம்புவுக்குப் பிறவிக் குணம். கப்பலுக்கு விண்ணப்பம் போட்டதையே அவளிடம் சொல்லவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு வரச் சொல்லி அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் வந்தபோது, எடுத்தது அவள். அன்று சாயங்காலம் அவன் ஒன்றும் நடக்காதது போல அடுக்களையில் நின்று இறால் உரித்துக்கொண்டிருந்தான். "சொன்னா நீ விட மாட்டல்லா" என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் கிளம்பும் வரை இருவரும் தேவைக்கு மட்டும்தான் பேசினார்கள். ஒரு முறை தள்ளிப் போனவன் இன்னொரு முறை போக மாட்டானா? ஒன்றரையை நாலரை ஆக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

கேப்டனுக்குத் தெரியாமல் செய்திருப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மெட்டில்டா அக்காவின் புருஷனையும் சேர்த்தல்லவா சாகடிக்கிறான்.

உடனே இயக்குநரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் சுயம்புவின் பெயர் கெடும். அது ஒரு காரணம். உண்மைக் காரணம் வேறு. அவன் வாயால் வரவழைக்க வேண்டும் என்று அவளுக்கு வீம்பு. தான் கண்டுபிடித்துவிட்டது தெரியாமல் அவன் எவ்வளவு தூரம் நடிக்கிறான் என்று பார்க்க வேண்டும்.

அன்றைய செய்தியில், சாப்பாடு தூக்கம் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் சாதாரணமாகக் கேட்டாள். "பக்கத்து விண்மீன் எப்படி இருக்குது? ஒழுங்கா நகருதா?"

பதில் சாயங்காலம் வந்தது. படத்தில் சுயம்பு தாடியைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"அது பாட்டுக்கு இருக்கு. ஒனக்கு அதெல்லாம் சொல்லக் கூடாதுல்லா. வேற பேசு ட்டி."

அந்தச் சிரிப்பை அவள் நாலு முறை ஓடவிட்டுப் பார்த்தாள். வேறு யார் பார்த்திருந்தாலும், விதியை மதிக்கிறவன் கேலியாகச் சிரிக்கிறான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவளுக்கு அது கள்ளச் சிரிப்பாகத் தெரிந்தது. சந்தேகம் வந்தவளுக்குக் கணவன் எப்படிச் சிரித்தாலும் குற்றம்தான்.

புதன்கிழமையும் எதையோ கேட்டாள். வியாழக்கிழமை அவனிடமிருந்து இரண்டே வார்த்தை வந்தது. வேலை அதிகம் என்றான். முகத்தைக் காட்டவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த மெட்டில்டா தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே அவளிடம் வந்தாள்.

"சக்தி, மூணு நாளா அவிய குரலே வரல. எல்லாம் சுயம்பு தம்பிதான் பேசுது. கேப்டன் தூங்குதாரு, கேப்டன் வேலையா இருக்காருன்னு சொல்லுது. அவியளுக்கு ஒடம்புக்கு ஏதும் சொகமில்லையோ?"

"நான் கேக்குதேன் அக்கா."

கேட்டாள். "கேப்டன் நல்லா இருக்காரு, அக்காவக் கவலப்பட வேண்டாம்னு சொல்லு" என்று பதில் வந்தது. சொல்லும்போது சுயம்பு கேமராவைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் எதையோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

பிரம்மசக்தி அன்று சோற்றைத் தட்டோடு மூடி வைத்தாள். பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்திய ஆளைப் பற்றி நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தாள். கேப்டன் பொய்யைக் கண்டுபிடித்துவிட்டாரோ? இரண்டு பேருக்குள் கைகலப்போ? அவரை எங்காவது பூட்டி வைத்திருக்கிறானோ? தான் இப்படி நினைப்பது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

புதன்கிழமை காலையில் அந்தச் செய்தி வந்தது. வழக்கத்தைவிட நீளம். சுயம்பு தாடியை மழித்திருந்தான், முகம் ஒட்டிப் போயிருந்தது.

"ஏட்டி பிரமு, சாப்பிட்டியா? இங்க எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துட்டு. பருவம் முடியுத வரைக்கும் காத்து காணும், கணக்குப் போட்டாச்சு. அளவு ஒண்ணும் பாக்கியில்லாம முடிச்சிருவேன். இனி தினமும் பேச முடியுமோ என்னவோ, அதான் இன்னைக்கே சொல்லிருதேன். அன்னைக்கு ஒங்கிட்ட சொல்லாம விண்ணப்பம் போட்டது தப்புதான். சொல்லிருக்கணும். சண்டை போட்டுட்டாவது வந்துருக்கணும்."

அவன் மழித்த தாடையைத் தடவினான். பிறகு சிரித்தான். அதே சிரிப்புத்தான்.

"இன்னொண்ணு. சொல்லக் கூடாதுதான், ஆனா சாவப் போறவனுக்கு என்ன விதி. ஒன் திரை இந்த ரெண்டு தடவையும் ரொம்பப் பெருசு, ட்டி. அஞ்சுல ஒரு பங்கு கொறையுது. எஞ்சின் வெடிச்ச மாசமும் புதுத் திரை போட்ட மாசமும் ஒண்ணாப் போச்சா, மொதல்ல நான்தான் தப்பா அளக்கேன்னு பயந்துட்டேன். பெறவு, நம்மாளு வேலைல்லா இதுன்னு விட்டுட்டேன். தெனம் அதப் பாக்கையில நீ பக்கத்துல உக்காந்து வெளையாட்டுக் காட்டுத மாதிரியே இருக்கும். என்ன ஆனாலும் நடுவுல திரையத் தெறக்க விட்டுராத. நாங்க போன பெறவு மிஞ்சப் போறது அந்தக் கணக்கு ஒண்ணுதான்."

பிரம்மசக்தி நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. தினமும் பார்த்திருக்கிறான், பார்த்ததை அவள் போட்ட எண் என்று நம்பியிருக்கிறான். ஹபீபும் அப்படியே நம்பினார். கணக்குப் பிரிவில் ஆறு பேரும் நம்பினார்கள். அத்தனை பேரும் அவளுடைய நேர்மையை நம்பிக் கண்ணெதிரே இருந்த உண்மையை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

கப்பல் பொய் சொல்லவில்லை என்றால், மிச்சம் இருப்பது ஒரே இடம். எதிரொலியைக் கேட்டு நேரத்தைக் குறிக்கும் நடுநிலையம். இத்தனை நாளும் அவள் ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை? அங்கே அவளோடு சண்டை போட்டவர் யாரும் இல்லை, அதனால்தான்.

*

இயக்குநர் கிருபாகரன் முழுவதையும் கேட்டார். கேட்கும்போது பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். முடிந்ததும் மூடி வைத்தார்.

"திரை எண் பூஜ்யம்னு நீங்க சொல்றீங்க."

"ஆமா சார்."

"அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். நீங்க சுயம்புவோட மனைவி. நூத்துக்கு இருபதுன்னு விழுந்திருந்தாலும் பூஜ்யம்னுதான் சொல்லுவீங்க. உங்க இடத்துல யார் இருந்தாலும் சொல்லுவாங்க. நான் எப்படி நம்புறது?"

"தெறந்து பாருங்க."

"தெறந்தா?" அவர் குரல் உயரவில்லை. "பூட்டு ஒண்ணுதான்னு உங்களுக்குத் தெரியும். இந்தப் பருவம் மட்டும் தெறக்காது, நாலு வருஷமும் சேர்ந்து தெறக்கும். அளவு முடியுறதுக்கு முன்னாடி எண்ணைப் பாத்துட்டோம்னு தெரிஞ்சா, உலகத்துல ஒருத்தன் நம்ம தூரத்தை ஏத்துக்க மாட்டான். ரெண்டு பேர் உயிரைக் குடுத்து எடுத்த அளவு. உங்க கணவரே தெறக்காதீங்கன்னு சொல்றாரு."

"அவிய ரெண்டு பேரும் இன்னும் உயிரக் குடுக்கல சார். நீங்கதான் அதுக்குள்ள எழுதி முடிச்சிட்டிய."

மூலையில் உட்கார்ந்திருந்த ஹபீப் முதல் முறையாக வாயைத் திறந்தார். "சார், அந்த அஞ்சுல ஒரு பங்கு எங்க கணக்குல இருக்குறது உண்மை. அது திரையா இல்லையான்னுதான் தெரியணும். தெறந்தா நாலு வருஷம் போகும். தெறக்காம அது திரை இல்லன்னு பின்னால தெரிஞ்சா, நாம எப்படி ஊர் முகத்துல முழிக்குறது?"

கிருபாகரன் மூடி வைத்த பேனாவை மறுபடி திறந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும், பிரம்மசக்தி?"

"இன்னைக்குக் காலையில. அவரு செய்தியக் கேட்ட பெறகு."

பொய் தானாகவே வந்து விழுந்தது. அவள் யோசிக்கக்கூட இல்லை. முன்பே தெரியும் என்றால், ஏன் மறைத்தாய் என்று கேட்பார். மறைத்தவளின் எண்ணை அப்புறம் யார் நம்புவார்கள்? ஹபீப் தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். கேன்டீனில் சொன்னது அவருக்கும் நினைவிருந்தது. அவரும் விதியை மீறியவர்தானே, வாயை மூடிக்கொண்டார்.

உச்சிப்பொழுதில் பூட்டைத் திறந்தார்கள். இயக்குநர், ஹபீப், சட்டப்படி வெளியிலிருந்து வந்த இரண்டு பேர், பிரம்மசக்தி. கணினியில் நாலு வருட எண்கள் வரிசையாக வந்தன. கடைசி வரியில் பூஜ்யம் இருந்தது.

கிருபாகரன் எழுந்து நின்று, அவளைப் பார்த்து, "மன்னிச்சிருங்கம்மா" என்றார். பிறகு நடுநிலையத்துக்கு ஆணை போயிற்று. அதோடு சேர்த்து சுயம்புவுக்கு அவள் ஒரு செய்தி அனுப்பினாள். "எண் பூஜ்யம். நீங்க பக்கத்துலதான் இருக்கிய. படகு வருது."

*

நடுநிலையத்தின் தலைவர் தளவாயின் பதில் சாயங்காலம் வந்தது. தினமும் வணக்கம் சொல்லிவிட்டுத் தூரத்தைப் படிக்கும் அதே அமைதியான குரல்.

"நான்தான் செஞ்சேன். என்கூட இருக்க மூணு பேருக்கும் தெரியாது. நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு சரக்குக் கப்பலுக்கு ரெண்டு பிள்ளையளப் படகுல அனுப்புனேன். சட்டம், அதனால அனுப்புனேன். படகும் வரல, பிள்ளையளும் வரல. இப்ப இருக்க படகும் அதே மாதிரிதான். இன்னொரு தடவ 'போங்க'ன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எல்லைக்குள்ள இருந்தா சொல்லித்தான் ஆகணும். அதனால எல்லைக்கு வெளிய தள்ளி வச்சேன். அவிய எப்படியும் சாவப் போறவியன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இனி ஒண்ணும் மறைக்கல. நீங்க அனுப்புனது எல்லாத்தையும் கப்பலுக்கு விட்டுட்டேன். படகு நாளைக்கே கெளம்பும். யாரையும் அனுப்பல, நானே போறேன். ரெண்டு மாசத்துல அங்க இருப்பேன்."

அறையில் யாரும் அவரைத் திட்டவில்லை. பிரம்மசக்திக்குக் கோபம் வர வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை. அவளும் ஒரு பயத்தில், ஒரு பிடிவாதத்தில் ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள்தான். ஆனால் தன்னால் எதுவும் கெட்டுப்போகவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மாதப் பயணம், இரண்டு பேருக்கு மூன்று மாதக் காற்று. ஒன்பது நாள் போனால் என்ன, தாராளமாக இருக்கிறது.

விடுதிக்கு ஆள் போய் மெட்டில்டாவிடம் சொல்லியிருந்தார்கள். அவள் ஓடி வந்து பிரம்மசக்தியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவிய சட்டையெல்லாம் பிடிச்சுத் தைக்கணும். எலும்புந்தோலுமா வருவாவ" என்று சொல்லிவிட்டு, தையல் இயந்திரம் யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கக் கிளம்பினாள்.

அவள் படியிறங்கிய பிறகுதான் சுயம்புவின் பதில் வந்தது. பிரம்மசக்தி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டு வருவான் என்று நினைத்தாள்.

அவன் சிரிக்கவில்லை. இந்த முறை நேராகக் கேமராவைப் பார்த்தான்.

"பிரமு. வீட்டுக்கு வர்ற வழி எட்டு மாசமா என் கண்ணு முன்னாலயே இருந்திருக்கு. நான் அத ஒன் வெளையாட்டுன்னு நெனச்சிட்டேன்." பக்கவாட்டில் ஒரு முறை பார்த்துவிட்டுத் திரும்பினான். "கேப்டன் இல்ல, ட்டி. போன வியாழக்கிழமை காலையில நான் தூங்கி எந்திரிக்கும்போது அவரு வெளிய போயிட்டாரு. கதவ அந்தப் பக்கம் இருந்து பூட்டிட்டுப் போயிட்டாரு. ரெண்டு பேருக்கு மூணு மாசம்னா ஒருத்தனுக்கு ஆறு மாசம், பருவத்த முடிச்சிரு, கணக்கு வீணாப் போயிரக் கூடாதுன்னு குரலப் பதிஞ்சு வச்சிருந்தாரு. கடைசி வரைக்கும் மெட்டில்டா அக்காட்ட சொல்லாதன்னும் சொல்லிருந்தாரு. அதான் நான் அப்படி மழுப்பிட்டு இருந்தேன்."

அவன் முகத்தைக் கையால் அழுத்தித் துடைத்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். ஒனக்கு இது எப்பத் தெரிஞ்சது? திரை இல்லன்னு ஒனக்கு மொதல்லயே தெரியும். கணக்கு கொறையுதுன்னு எப்பத் தெரிஞ்சது? வியாழக்கிழமைக்குப் பெறவுன்னா சொல்லு. முன்னாலன்னா, எனக்குச் சொல்லாண்டாம்."

படம் நின்றது. பதில் பதிவு செய்யும் பொத்தான் கீழே பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

பிரம்மசக்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று காலையில்தான் தெரியும் என்று இயக்குநரிடம் சொன்னது பதிவாகியிருக்கிறது. அதையே அவனிடமும் சொல்லலாம். அவன் நம்புவான். அவள் சொல்வதை நம்பியே சாகத் துணிந்தவன்தான் அவன். சொல்லாமலும் இருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருப்பதே பதில் என்று அவனே ஏற்பாடு செய்துவிட்டான். ஹபீப் ஒருபோதும் வாயைத் திறக்க மாட்டார். இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியப் போவதில்லை.

கதவு தட்டப்பட்டது.

"சக்தி," வெளியே மெட்டில்டாவின் குரல். "மிஷின் கெடச்சிட்டு. அவிய கழுத்தளவு எனக்கு மறந்தே போச்சு பாரு. சுயம்பு தம்பிட்ட அளந்து சொல்லச் சொல்லுதியா?"

பிரம்மசக்தி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். மெட்டில்டாவின் கையில் இருந்த துணியை வாங்கி மேசையில் வைத்தாள். அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்து, தான் தரையில் அவள் காலருகே உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றாள், "எனக்குப் போன வாரம் திங்கக்கிழமையே தெரியும்."